ட்ரைபாட் வாங்கியாச்சு, அடுத்து என்ன? – வாசகர் கேள்வி பதில்

இந்தத் தடவை வந்த கேள்விகள்ல நிறைய ட்ரைபாட், அதாவது போனை ஆடாம நிறுத்தி வைக்கற மூணு கால் ஸ்டாண்ட் பத்தித்தான். ஆடாத வீடியோ வேணும்னு இத்தனை பேர் கேக்கறது எனக்கு ரொம்ப சந்தோஷம், ஏன்னா வீட்டு விசேஷமோ பாட்டி பாடுற தாலாட்டோ எதுவா இருந்தாலும் வருஷம் கழிச்சு நாம திரும்பத் திரும்பப் பாக்கப் போறது இந்த போன் வீடியோவைத்தான். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒண்ணா சேத்துட்டேன்.

கேள்வி: அக்கா, என் பொண்ணுக்கு வர்ற மாசம் பரதநாட்டிய அரங்கேற்றம். தனியா வீடியோகிராபர் வைக்க வசதி இல்ல, என் போன்லயே எடுத்துடலாம்னு அஞ்சடி ட்ரைபாட் ஒண்ணு வாங்கிட்டேன். எங்க வைக்கணும், எவ்வளவு உயரத்துல வைக்கணும்? ஸ்கூல் ஆண்டு விழாவுல கையில பிடிச்சு எடுத்தது பாக்கவே முடியல, ஒரே ஆட்டம். – மயிலாடுதுறை வாசகி

பதில்: முதல்ல பொண்ணுக்கு வாழ்த்து சொல்லிடுங்க. நாட்டியத்துக்கு ட்ரைபாட் மாதிரி உபயோகமான சாமான் வேற கிடையாது, ஏன்னா அங்க ஆடறவங்களோட ஒவ்வொரு அடவும், அதாவது கை கால் அசைவும், நேர்க்கோட்டுலயும் கோணத்துலயும் நிக்கற விஷயம், கேமரா கொஞ்சம் சாஞ்சிருந்தாக்கூட முழங்காலை மடக்கி நிக்கற அரைமண்டி கோணலாத் தெரியும். அதனால ட்ரைபாட் தலையில ஒரு சின்ன பச்சைக் குமிழ் இருக்கும் பாருங்க, கொத்தனார் வச்சிருக்கற ரசமட்டம்தான் அது, அந்தக் குமிழ் நடுவுல வந்து நிக்கற வரைக்கும் கால்களை ஏத்தி இறக்கி சரி பண்ணுங்க. குமிழ் இல்லாத ஸ்டாண்டா இருந்தா போன் கேமராவுல ஸ்க்ரீன்ல கட்டம் கட்டமா கோடு காட்டற கிரிட் லைனை ஆன் பண்ணிட்டு மேடையோட முன்விளிம்பு அந்தக் கோட்டுக்கு இணையா இருக்கான்னு பாத்துக்கலாம்.

உயரம் பத்தி கேட்டீங்க. ஆடறவங்க இடுப்பு உயரத்துல லென்ஸ் இருந்தா உடம்போட அளவு சரியா வரும், கீழ இருந்து எடுத்தா கால் நீளமா தலை சின்னதாத் தெரியும். ஆனா மேடையே மூணு நாலு அடி உயரம், அதுக்கு மேல இடுப்பு இன்னொரு மூணடி, உங்க ஸ்டாண்டோ அஞ்சடிதான். அப்ப என்ன பண்ணலாம்னா பின்னாடி போங்க. மேடைக்கு ஒட்டி வச்சா கோணம் செங்குத்தா ஏறும், முன்வரிசை பூ அலங்காரம் பாதத்தை மறைக்கும். பத்து பன்னெண்டு வரிசை தள்ளி நடு வழிக்குப் பின்னாடி வச்சீங்கன்னா அந்த உயர வித்தியாசம் பெருசாத் தெரியாது, பாதமும் முழுசா வரும். பாதம் ஃப்ரேமுக்குள்ள இல்லாத பரதநாட்டிய வீடியோ எடுத்து பிரயோஜனம் இல்லங்க, நாளைக்கு டீச்சர் உக்காந்து பாக்கறப்போ முதல்ல பாக்கறதே அதைத்தான். ஆளுங்க நடந்து போற வழிக்குக் குறுக்க மட்டும் கால் நீட்டாதீங்க, யாராவது தடுக்கி விழுந்தா போனும் போச்சு அவங்களுக்கும் அடி.

ஃப்ரேம் முழு மேடை அகலத்துக்கு வச்சுட்டு அப்படியே விட்டுடுங்க, பொண்ணு இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் கேமராவைத் திருப்பித் துரத்த வேணாம். முகபாவம் கிட்டத்துல வேணும்னா அதுக்கு ஒரு வழி இருக்கு. 4கே வீடியோன்னா 3840க்கு 2160 புள்ளிகள், சாதாரண ஃபுல் எச்டின்னா 1920க்கு 1080, அதாவது ரெண்டு பக்கமும் சரியா பாதி. அதனால 4கேல எடுத்து வச்சீங்கன்னா பின்னாடி எடிட் பண்ணும்போது முகபாவம் முக்கியமா வர்ற பதம் ஆடற இடத்துல மட்டும் பாதி அளவுக்கு வெட்டிப் பெருசாக்கினாலும் ஃபுல் எச்டி தெளிவு கிடைக்கும். இடம்தான் நிறைய பிடிக்கும். ஐபோன்ல ஹை எஃபிஷியன்சி செட்டிங்ல செகண்டுக்கு 30 ஃப்ரேம் வச்சு எடுத்தா 4கே நிமிஷத்துக்கு சுமார் 170 எம்பி, ஃபுல் எச்டின்னா 60 எம்பி, அப்ப ரெண்டு மணி நேர நிகழ்ச்சிக்கு முதலாவது 20 ஜிபியைத் தாண்டும், ரெண்டாவது 7 ஜிபி சொச்சம். ஆண்ட்ராய்டுல போனுக்குப் போன் மாறும், வீட்டுல ஒரு நிமிஷம் எடுத்துப் பாத்து கணக்குப் போட்டுக்கோங்க. முதல்ல ஆடற அலாரிப்பு முடிஞ்சதும் நிறுத்தி, அடுத்த உருப்படிக்குப் புதுசா ஆரம்பிங்க, ஒரே ஃபைலா ஓட விட்டு நடுவுல போன் சூடாகி நின்னுச்சுன்னா வர்ணமே போயிடும், அதுதான் இருக்கறதுலயே நீளமான உருப்படி.

இன்னொரு முக்கியமான விஷயம் வெளிச்சம். அரங்குல பின்னாடி கறுப்புத் திரை, நடுவுல ஸ்பாட் லைட். போன் மொத்த ஃப்ரேமையும் பாத்துட்டு அய்யோ இருட்டா இருக்கேன்னு தானா வெளிச்சத்தை ஏத்தும், அதுல முகம் வெள்ளையா வெளுத்துப் போயிடும், மூக்குத்தி நெத்திச்சுட்டி எதுவும் தெரியாது. ஆடறவங்க முகத்து மேல விரலை அழுத்தி வச்சீங்கன்னா ஃபோகஸும் வெளிச்சமும் லாக் ஆகும், அப்புறம் பக்கத்துல வர்ற சூரியன் படத்தைக் கீழ இழுத்து முகம் சரியாத் தெரியற வரைக்கும் குறைங்க. ஒத்திகை நாள்ல லைட் போட்டு ஒரு தடவை இதைப் பண்ணிப் பாத்துடுங்க. ஏரோபிளேன் மோட் போட மறக்காதீங்க, அன்னைக்குத்தான் ஊருல இருக்கற எல்லா சொந்தக்காரங்களும் வழி கேட்டு போன் பண்ணுவாங்க. பவர் பேங்க் சொருகறதா இருந்தா அந்த வயரைத் தொங்க விடாம ட்ரைபாட் கால்ல ஒரு ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்க, தொங்கற வயர் ஆடினா போனும் ஆடும்.

கேள்வி: ட்ரைபாட்ல வச்சுத்தான் எடுக்கறேன், அப்பவும் வீடியோ லேசா நடுங்குது. மொட்டை மாடித் தோட்டம் பத்தி வீடியோ போடறேன். ஸ்டாண்ட் மட்டமானதா, இல்ல நான் ஏதாவது தப்பு பண்றேனா? – தூத்துக்குடி வாசகர்

பதில்: ஸ்டாண்டைக் குத்தம் சொல்றதுக்கு முன்னாடி தரையில இருந்து போன் வரைக்கும் ஒவ்வொண்ணா தொட்டுப் பாருங்க. கால் முனையில ரப்பர் புஷ் இருக்கா, காலை ஏத்தி இறக்கற லாக் முழுசா இறுகியிருக்கா, தலையில இருக்கற திருகு இறுகியிருக்கா, போனைப் பிடிச்சுக்கற ஹோல்டரை மாட்டற ஸ்க்ரூ கடைசி வரைக்கும் ஏறியிருக்கா, ஹோல்டர்ல போன் ஆடாம உக்காந்திருக்கா. இதுல ஏதோ ஒண்ணு லூஸா இருந்தாலும் மத்த எல்லாத்தையும் இறுக்கி லாபமில்ல. மாடியில உங்களுக்கு முக்கிய எதிரி காத்து, அதுவும் உங்க ஊர்க் கடல்காத்து.

நிறைய பேர் பண்றது என்னன்னா உயரம் வேணும்னதும் முதல்ல நடுத்தண்டை மேல இழுத்துடறாங்க. அந்த நடுத்தண்டு ஒத்தக் கம்பி, அதை ஏத்த ஏத்த மூணு கால் குடுக்கற பலம் குறைஞ்சுகிட்டே போகும், மேல இருக்கற போன் பாய்மரம் மாதிரி காத்துல அசையும். முதல்ல காலை நல்லா அகலமா விரிங்க, அப்புறம் காலோட தடிச்ச பகுதியை நீட்டுங்க, அதுக்கப்புறம்தான் மெல்லிசுப் பகுதி, நடுத்தண்டு கடைசியிலயும் கடைசி. செடி வீடியோவுக்கு உயரமே வேணாங்க, மெல்லிசுக் காலை உள்ளயே விட்டுட்டு இடுப்புக்குக் கீழ வச்சு எடுங்க, செடிக்கு நேராவும் இருக்கும், காத்தும் கம்மி.

நடுத்தண்டுக்கு அடியில ஒரு கொக்கி இருந்தா அதுல ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டில் ஒண்ணைப் பையில போட்டு மாட்டுங்க. பை அந்தரத்துல தொங்கினா அதுவே ஊஞ்சல் ஆடும், அதனால பையோட அடி தரையை லேசாத் தொடற மாதிரி கயிறை விடுங்க. கொக்கி இல்லாட்டி மூணு காலுக்கும் நடுவுல துணி சுத்திக் கட்டி அது மேல மணல் பை வைக்கலாம்.

அப்புறம் ரெக்கார்ட் பட்டனை விரலால அமுக்கறப்போ வர்ற ஆட்டம் ரெண்டு மூணு செகண்ட் இருக்கும். அந்தத் துண்டை ட்ரிம் பண்ணிடலாம், இல்ல ஒரு புளூடூத் ரிமோட் வாங்கிடலாம். நீங்க பேசிகிட்டே கேமராவைத் திருப்பற ஆளா இருந்தா செட்டிங்ஸ்ல ஆட்டத்தைக் குறைக்கற வீடியோ ஸ்டெபிலைசேஷனை ஆஃப் பண்ணிட்டு எடுத்துப் பாருங்க. அது போன் அசையறதை ஜைரோஸ்கோப்ங்கற உள் சென்சாரால கண்டுபிடிச்சு படத்தோட ஓரத்தை வெட்டி எதிர்ப்பக்கம் நகர்த்தற வேலை, கையில பிடிக்கும்போது ரொம்ப நல்லது, ஆனா ட்ரைபாட்ல மெதுவாத் திருப்பும்போது அதையும் ஆட்டம்னு நினைச்சு முதல்ல பிடிச்சு வைக்கும், அப்புறம் விடும், அதான் ஆரம்பத்துலயும் முடிவுலயும் ஒரு வெட்டு வெட்டி நகரும். திருப்பறதை மெதுவாப் பண்ணுங்க, ஒரு தொட்டி ஃப்ரேமோட இந்த ஓரத்துல நுழைஞ்சு அந்த ஓரத்துல வெளிய போக ஏழு செகண்டாவது ஆகணும்ங்கறது கேமராக்காரங்க வழக்கமா வச்சிருக்கற கணக்கு.

கேள்வி: மேடம், சமையல் வீடியோவுக்கு மேல இருந்து நேராக் கீழ பாக்கற மாதிரி எடுக்கணும். சாதா ட்ரைபாட்ல முடியுமா? – ஈரோடு வாசகி

பதில்: குறுக்குக் கம்பி வச்ச ட்ரைபாட் வேணும். சாதாரண ஸ்டாண்டோட தலையை முன்னாடி முழுசா சாய்ச்சா கீழ பாக்கும்தான், ஆனா ஃப்ரேம்ல ட்ரைபாட் காலும் வரும், எடை மொத்தமும் முன்னாடி சாய்ஞ்சு கடாய்க்குள்ளயே விழற ஆபத்தும் இருக்கு. குறுக்குக் கம்பி வாங்கினாலும் போன் நீட்டிகிட்டு இருக்கற பக்கத்துக்கு நேர் கீழ ஒரு கால் வரணும், கம்பியோட பின்முனையில எடை மாட்டணும், இந்த ரெண்டும் இல்லாம கேஸ் அடுப்புக் கிட்டயே கொண்டு போகாதீங்க. எண்ணெய் காயற கடாய்க்கு நேர் மேல போனை வைக்கறது எனக்கு சம்மதமே இல்லைங்க, ஆவியும் எண்ணெய்ப் புகையும் லென்ஸ்ல படிஞ்சு படம் மங்கும், போனும் சூடாகும். நறுக்கறது, பிசையறது, மாவு தட்டறது இதெல்லாம் மேல இருந்து எடுங்க, தாளிக்கறதைப் பக்கவாட்டுல கொஞ்சம் தள்ளி சாய்வா எடுங்க, கடுகு வெடிக்கறது அப்பத்தான் நல்லாவும் தெரியும்.

போன் படுத்த மாதிரி இருக்கும்போது எது நிமிந்த பக்கம்னு அதுக்குப் புரியாம வீடியோ தலைகீழா, இல்ல குறுக்க பதிவாகும். ரெக்கார்டிங்கை ஆரம்பிக்கும்போது போனை உங்களுக்கு வேண்டிய வாக்குல நிமித்தி வச்சு ஆரம்பிச்சுட்டு அப்புறம் படுக்க வையுங்க, அந்த வாக்கு கடைசி வரைக்கும் மாறாது. கோலம் வீடியோ எடுக்கறவங்களுக்கும் இதே பதில்தான்.

கேள்வி: டெய்லரிங் கிளாஸ் வீடியோ எடுக்கறேன். ட்யூப் லைட் வெளிச்சத்துல துணி மேல கோடு கோடா ஓடுது. ட்ரைபாட் ஆட்டமா இது? – திருப்பூர் வாசகி

பதில்: ஆட்டம் இல்ல, கரண்ட். நம்ம நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால சோக் வச்ச பழைய ட்யூப் லைட்டும் சில மலிவான எல்இடியும் செகண்டுக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும், கண்ணுக்குத் தெரியாது. போன் கேமரா சென்சார் படத்தை மேல இருந்து கீழ வரி வரியாத்தான் படிக்குது, ஷட்டர் வேகம், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சம் வாங்கற நேரம், விளக்கு மங்கி எரியறதோட ஒத்துப்போகாட்டி சில வரி பளிச்சுன்னும் சில வரி இருட்டாவும் பதியும், அதான் கோடு. கேமராவுல எல்லாத்தையும் நாமளே மாத்தற ப்ரோ மோட் இருந்தா ஷட்டரை 1/50 இல்ல 1/100 செகண்ட்ல வையுங்க, செகண்டுக்கு 25 ஃப்ரேம் இருந்தா அதையும் எடுத்துக்கோங்க, கோடு நின்னுடும். ஜன்னல் ஓரம் பகல் வெளிச்சத்துல மேஜையைப் போட முடிஞ்சா அதைவிட நல்லது எதுவும் இல்ல, ஜரிகை நிறமும் சரியா வரும்.

கேள்வி: தஞ்சாவூர் பெரிய கோயிலுக்கு ட்ரைபாட் எடுத்துட்டுப் போலாமா? – திருச்சி வாசகர்

பதில்: அது மத்திய தொல்லியல் துறை பாதுகாப்புல இருக்கற இடம், ட்ரைபாட் வச்சு எடுக்கணும்னா முன்கூட்டியே அவங்க அனுமதி வாங்கணும். மாமல்லபுரத்துக்கும் இதேதான். அறநிலையத்துறை கோயில்கள்னா 2022 டிசம்பர்ல உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கோயில்களுக்குள்ள செல்போனையே அனுமதிக்கக்கூடாதுன்னு உத்தரவு போட்டிருக்கு, அதனால போற கோயில்ல என்ன நடைமுறைன்னு விசாரிச்சுட்டுப் போங்க. வெளிப்பிரகாரத்துல கையில எடுக்க விட்டாங்கன்னா தரையில உக்காந்து முழங்கையை முழங்கால் மேல ஊனிகிட்டு மூச்சை மெதுவா விட்டுகிட்டே எடுங்க, கை நிக்கும். சிற்பத்து மேல போனை சாய்ச்சு வைக்கறதைப் பாக்கறேன், தயவுசெஞ்சு அதைப் பண்ணாதீங்க, ஆயிரம் வருஷம் நின்ன கல்லுங்க அது.

கேள்வி: பைக் ஹேண்டில்பார்ல ஹோல்டர் வச்சு கொல்லிமலை ரோடு வீடியோ எடுக்கலாம்னு இருக்கேன். சரியா வருமா? – நாமக்கல் வாசகர்

பதில்: தம்பி, வேணாம். இன்ஜின் அதிர்வு அப்படியே போனுக்கு ஏறும், படம் அல்வா மாதிரி குழைஞ்சு குழைஞ்சு தெரியும், அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் இப்ப வர்ற நல்ல போன்கள்ல ஓஐஎஸ்னு ஒண்ணு இருக்கு, லென்ஸோ சென்சாரோ காந்தத்தால மிதந்து நின்னு ஆட்டத்தை ஈடுகட்டும். பெரிய பைக் இன்ஜினோட அதிர்வுல அது நாளடைவில கெட்டுப்போகலாம்னு ஆப்பிள் கம்பெனியே 2021ல எச்சரிக்கை குடுத்திருக்கு. எழுபது கொண்டை ஊசி வளைவு இருக்கற மலை அது, கண்ணு ரோட்டுல இருக்கட்டும். ஒரு வளைவுல வண்டியை ஓரமா நல்லா உள்ள தள்ளி நிறுத்திட்டு, பாறை மேல சின்ன ட்ரைபாட் வச்சு ரோடு வளைஞ்சு இறங்கறதை ஒரு நிமிஷம் எடுங்க, அது போதும் அந்த மலையைக் காட்ட.

கேள்வி: எந்த ட்ரைபாட் வாங்கலாம்னு பிராண்ட் பேர் சொல்லுங்க. – பல வாசகர்கள்

பதில்: பேர் சொல்றதைவிட கடையில என்ன பாக்கணும்னு சொல்றேன், அது எந்த பட்ஜெட்டுக்கும் ஆகும். மேல இருக்கற ஸ்க்ரூ கால் அங்குல மரையா இருக்கணும், உலகம் பூரா கேமராவுக்கு அதுதான் அளவு, பின்னாடி வேற ஹோல்டரோ லைட்டோ மாத்தினாலும் பொருந்தும். முழு உயரத்துக்கு நீட்டி தலையில ஒரு விரலால தட்டுங்க, ஆட்டம் டக்குன்னு அடங்கினா நல்ல ஸ்டாண்ட், ஆடிகிட்டே இருந்தா வச்சுட்டு வந்துடுங்க. மூணு காலையும் நடுத்தண்டோட இணைக்கற குறுக்குச் சட்டம் பிளாஸ்டிக்தான், அங்க ரிவெட் இறுக்கமா இருக்கான்னு பாருங்க, மலிவு ஸ்டாண்டுல முதல்ல உடையறது அங்கதான். ஹோல்டரைத் தனியாப் பாருங்க, போனை அதோட கவரோடயே மாட்டிப் பாருங்க. ஹோல்டரோட தாடை சரியா பவர் பட்டன் மேலயோ வால்யூம் பட்டன் மேலயோ உக்காந்துச்சுன்னா பாதி ரெக்கார்டிங்ல நின்னு போகும், இதைக் கடையில யாரும் சொல்ல மாட்டாங்க. வேடிக்கையா வளைக்கற ஆக்டோபஸ் ட்ரைபாட் மரக்கிளையில சுத்த, ஜன்னல் கம்பியில கட்ட ரொம்ப நல்லது, தரையில வைக்க மட்டும் நம்பாதீங்க. கடற்கரைக்குக் கொண்டு போனா வீட்டுக்கு வந்ததும் காலை நீட்டி நல்ல தண்ணியில கழுவித் துடைச்சு காய வச்சுட்டு மடக்குங்க, உப்பும் மணலும் உள்ள போனா லாக் பிடிக்காது.

கேள்வி: அம்மா, எனக்கு வயசு எழுபதைத் தாண்டிடுச்சு, கை நடுக்கம் இருக்கு. கூந்தன்குளம் பக்கம்தான் வீடு. பறவைகளை போன்ல எடுத்து வெளியூர்ல இருக்கற பேரனுக்கு அனுப்ப ஆசை. ஜூம் பண்ணினா எதுவுமே தெரியல, ஒரே நடுக்கம். என்னால முடியுமா? – நாங்குநேரி பக்கத்து வாசகர்

பதில்: கட்டாயம் முடியுங்க ஐயா. ஊர்க்காரங்களே காலங்காலமாக் காப்பாத்திகிட்டு வர்ற பறவைகள், வீட்டு ஓர மரத்துலயே கூடு கட்டற ஊரு, இப்படி ஒரு இடத்துக்குப் பக்கத்துல இருக்கறது பெரிய கொடுப்பினை. ஜூம் அஞ்சு மடங்குன்னா கை நடுக்கமும் அஞ்சு மடங்காத் தெரியும், அது எல்லாருக்குமே அப்படித்தான், உங்களுக்கு மட்டும் இல்ல. ட்ரைபாட்ல வச்சாச்சுன்னா உங்க கைக்கும் படத்துக்கும் சம்பந்தமே கிடையாது, தொடாம ஆரம்பிக்க மட்டும் வழி பண்ணிக்கணும்.

அதுக்கு மூணு வழி. புளூடூத் ரிமோட் ஒண்ணு, பெரிய பட்டன் உள்ளதாப் பாத்து வாங்குங்க. இல்லாட்டி வயர் வச்ச இயர்போன் வீட்டுல கிடந்தா அதைச் சொருகுங்க, ஐபோன்லயும் நிறைய ஆண்ட்ராய்டு போன்லயும் அதுல இருக்கற வால்யூம் பட்டனே ரெக்கார்ட் பட்டனா வேலை செய்யும். சாம்சங் போனா இருந்தா கேமரா செட்டிங்ஸ்ல வாய்ஸ் கமாண்டை ஆன் பண்ணிட்டு ரெக்கார்ட் வீடியோன்னு சொன்னாப் போதும், கையே வேணாம். ட்ரைபாட் வாங்கும்போது திருகித் திருகி இறுக்கறதை விட்டுட்டு தாழ்ப்பாள் மாதிரி மடக்கி அமுக்கற கால் லாக் உள்ளதா எடுங்க, விரலுக்கு சிரமம் இல்ல. மூணு காலுன்னால வயல் வரப்பு, குளத்துக்கரை எங்க வச்சாலும் நொடிக்காம நிக்கும், சரிவுல வச்சா ரெண்டு கால் பள்ளத்துப் பக்கம் இருக்கட்டும்.

பறவை பின்னாடி கேமராவைத் திருப்பாதீங்க. ஒரு கூட்டைப் பாத்து, சுத்தி கொஞ்சம் வானமும் கிளையும் வர்ற மாதிரி ஃப்ரேம் வச்சு லாக் பண்ணிட்டு, ஸ்டூல் போட்டு தள்ளி உக்காந்துக்கோங்க. தாய்ப்பறவை இரையோட எப்படியும் கூட்டுக்குத் திரும்பும், அது எந்தப் பக்கமா வருதுன்னு கொஞ்ச நேரம் பாத்து அந்தப் பக்கம் இடம் அதிகமா விடுங்க. கூழைக்கடா இறக்கையை விரிச்சா ரொம்ப அகலம், அதனால ஜூம் கொஞ்சம் குறைவாவே இருக்கட்டும். உங்க போன்ல 2 எக்ஸ், 3 எக்ஸ்னு தனி லென்ஸ் இருந்தா அதோட நிறுத்திக்கோங்க, அதுக்கு மேல போறதெல்லாம் படத்தை வெட்டிப் பெருசாக்கறதுதான், தெளிவு போயிடும். காலையில வெயில் ஏறறதுக்கு முன்னாடி, சூரியன் உங்க முதுகுப் பக்கம் இருக்கற மாதிரி உக்காருங்க. வீடியோ பெருசா இருந்து வாட்ஸ்அப்ல அனுப்பினா தெளிவு குறையும், டாக்குமெண்டா அனுப்பச் சொல்லி பக்கத்து வீட்டுப் பிள்ளைங்ககிட்ட கேளுங்க, அனுப்பிக் குடுப்பாங்க.